இருநூற்று எண்பது கிலோ உல்லாசம்

மத்திய உல்லாச ஊர்தி இயக்குநரகத்துக்கு முதல் உல்லாச ஊர்தி வந்து சேர்ந்தபோது இயக்குநரகம் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. அதுவரை ஆர்.கே.புரத்தில் ஓர் அரசுக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நாற்பத்தொரு பேர், ஊர்தி வந்தால் என்ன செய்வது என்பதற்கான விதிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். 1981 டிசம்பரில் ஊர்தி வந்தபோது விதிகள் முடிந்திருக்கவில்லை. அதனால் அதை இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள்.

ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர்நாடு நட்புக்கு அடையாளமாகக் கொடுத்த டிரெய்லர் அது. வெள்ளை நிறம், இரண்டே சக்கரம். உள்ளே இரண்டு கட்டில்கள், சின்ன அடுப்பு, கைகழுவும் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. தானாக ஓடாது. அந்த நாட்டுக்காரர்கள் அதைக் காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போய், ஏரிக்கரையில் நிறுத்தி, அதிலேயே சமைத்துத் தூங்கி எழுந்து வருவார்களாம். சாணக்யபுரியில் இருந்த அவர்களுடைய தூதரகம் டிரெய்லரோடு ஒரு சிறிய கையேட்டையும் அனுப்பியிருந்தது.

கையேட்டைப் படிக்கும் வேலை வைத்திக்கு வந்தது. வைத்தி என்கிற வைத்தியநாதன் அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். ஐம்பத்திரண்டு வயது. டெல்லிக்கு வந்து முப்பது வருடம். ஒன்பது இலாகாக்களில் இருந்துவிட்டு வந்தவர். கோபம் வருவது அவருக்கு ஐந்தாவது இலாகாவிலேயே நின்றுவிட்டது. மற்ற உணர்ச்சிகளும் ஒவ்வொன்றாக அதன் பின்னால் போயின. இயக்குநர் கல்யாணராமன் அவரைக் கூப்பிட்டு, "வைத்தியநாதன், இன்னிலேர்ந்து நீங்க எடை அலுவலர். கூடுதல் பொறுப்பு" என்றார். வைத்தி சரி என்றார்.

கையேட்டில் இருந்தது இவ்வளவுதான். டிரெய்லரின் சொந்த எடை அறுநூற்றிருபது கிலோ. ஏற்றிய சாமானோடு சேர்த்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டக் கூடாது. கனமான சாமான் சக்கரத்துக்கு நேர் மேலே, தரையோடு இருக்க வேண்டும். பின்பக்கம் கனம் கூடினால் முன்பக்கக் கொக்கி தூக்கும். வண்டி ஓட ஓட வால் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் அதிகமானால் இழுக்கிற வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். வைத்தி கழித்துப் பார்த்தார். ஏற்றக்கூடியது இருநூற்று எண்பது கிலோ. அதை ஒரு குறிப்பாக எழுதி மேலே அனுப்பினார்.

குறிப்பு கீழே வந்தபோது அதோடு ஒரு கூட்ட அறிவிப்பும் வந்தது. "இருநூற்று எண்பது கிலோவைப் பிரிவுகளுக்கிடையே பங்கீடு செய்தல்."

மார்ச் மாதம் துணை அமைச்சர் ஒருவர் பட்கல் ஏரிக்கரையில் ஊர்தியைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. அதற்கு என்னென்ன எடுத்துப்போவது என்று பிரிவுகள் பட்டியல் கொடுத்தன. நிர்வாகப் பிரிவு, இயக்குநரகம் எங்கே போனாலும் கோப்புகள் கூடவே போக வேண்டும் என்று ஓர் இரும்பு பீரோவைக் கேட்டது. இயக்குநருக்கு ஒரு ஸ்டீல் மேஜை. அமைச்சர் உட்கார ஒரு சோபா. இரண்டு மொழியில் எழுதிய இரும்புப் பெயர்ப்பலகை. எல்லாவற்றுக்கும் மேலே, திறந்துவைக்கப்பட வேண்டிய பளிங்குக் கல். முதலில் அதில் மூன்று பெயர்கள்தான் இருந்தன. விட்டுப்போனவர்கள் மனு கொடுத்ததில் நாற்பத்தொரு பெயர்களும் ஏறி, கல் இருநூற்று நாற்பது கிலோவாக வளர்ந்திருந்தது.

"மொத்தம் அறுநூற்றெண்பத்தொரு கிலோ வரது சார்" என்றார் வைத்தி.

கல்யாணராமன் கையேட்டை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படித்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு? உல்லாச வண்டியில ஏத்தற சாமானுக்கு வரம்பு இருநூத்தி எண்பது. அதாவது உல்லாசத்துக்கான சாமான். பீரோ உல்லாசத்துக்கா?"

அவர் கையேட்டை மூடிவைத்தார்.

"கல்லு?"

"இல்லை சார்" என்றார் வைத்தி.

"அப்ப அதெல்லாம் இந்த வரம்புக்குள்ள வராது. அரசாங்கச் சொத்து தனி. உல்லாசச் சாமான் மட்டும் எவ்வளவுன்னு சொல்லுங்கோ."

வைத்தி பட்டியலைப் பார்த்தார். மடக்கு நாற்காலி இரண்டு, டீ பிளாஸ்க் ஒன்று. "பதினொரு கிலோ சார்."

துணை இயக்குநர் சோப்ரா பதறிப்போய் எழுந்தார். பஞ்சாபிக்காரர், முப்பது வருடமாக எந்த ஒதுக்கீட்டையும் மிச்சம் வைத்தறியாதவர். "பதினொன்றுதானா? மீதி இருநூற்று அறுபத்தொன்பது கிலோ என்ன ஆவது? மார்ச் முப்பத்தொன்றுக்குள் தீர்க்காவிட்டால் அடுத்த வருடம் நமக்குப் பதினொரு கிலோதான் ஒதுக்குவார்கள்!" என்று இந்தியில் முழங்கினார்.

நியாயமான பயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கிடங்கிலிருந்து பழுதான டைப்ரைட்டர்கள் பன்னிரண்டும், ஓடாத மின்விசிறிகளும் எடுத்துவரப்பட்டு, உல்லாசச் சாமான் என்ற தலைப்பில் இருநூற்று எண்பதும் முழுதாகத் தீர்க்கப்பட்டது. எடைச் சான்றிதழில் வைத்தி கையெழுத்துப் போட்டார். 'உல்லாசச் சாமான் வரம்புக்குள் உள்ளது' என்றுதான் அதில் இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

டிரைவர் வேலு மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வேலு சேலம் பக்கத்துக்காரன். ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பில் குடியிருந்தான். நாலு வருடமாக இயக்குநரகத்தின் ஜீப்பைத் தினக்கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்குமுன் செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டியவன். கதவைத் திறந்ததும் அமைச்சர் கண்ணில் முதலில் கல்தான் பட வேண்டும் என்று அதைப் பின்பக்கம் வைத்து, அதை ஒட்டி பீரோவையும் நிறுத்தியிருந்ததை அவன் சுற்றிவந்து பார்த்தான்.

"சார், பின்னாடி பூரா கனம் உக்காந்திருக்கு. கொக்கிய ஒத்தக் கையால தூக்கறேன் பாருங்க" என்றான். தூக்கியும் காட்டினான்.

"தெரியும்ப்பா" என்றார் வைத்தி.

"தெரிஞ்சுமா சார்?"

எடை அலுவலர் வண்டியோடு போக வேண்டும் என்று உத்தரவு. வைத்தி ஜீப்பில் ஏறி வேலுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஆஷ்ரம் சௌக் வரை ஊர்ந்து போனார்கள். மதுரா ரோட்டில் வேலு முப்பதைத் தாண்டினான். முப்பத்தைந்தில் டிரெய்லர் மெதுவாக இடமும் வலமும் போக ஆரம்பித்தது. நாற்பதில் ஜீப்பின் பின்பக்கத்தையே யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் மண்ணில் இறங்கி ஒதுங்கினான். வேலு பிரேக்கைத் தொடவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். வண்டி தானாக நின்றபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தான் பயந்தோமா என்று வைத்தி யோசித்துப் பார்த்தார். கை கதவைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"பதர்பூர்ல தரம் காண்டா இருக்கு சார்" என்றான் வேலு. "லாரி எடை போடற மேடை. போட்டுப் பாத்துடலாம்."

போட்டுப் பார்த்தார்கள். டிரெய்லர் மட்டும் ஆயிரத்து ஐந்நூற்றெழுபது கிலோ. எடை போடுகிறவர் சீட்டை நீட்டியபடி, "பாபுஜி, இதில் யாராவது குடியிருக்கிறார்களா?" என்று கேட்டார்.

வேலு வைத்தியைப் பார்த்தான். வைத்தி டிரெய்லரைப் பார்த்தார். பிறகு, யாரோ சொல்வது போல அவர் வாயிலிருந்து வந்தது: "எறக்கிடலாமா?"

அங்கே காத்திருந்த லாரிக்காரர்களும் கூலிகளுமாகச் சேர்ந்து கல்லை இறக்கினார்கள். பிறகு பீரோ, மேஜை, பன்னிரண்டு டைப்ரைட்டர். எல்லாவற்றையும் கொட்டகைக்குள் வைத்து தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சோபாவைச் சக்கரத்துக்கு நேர் மேலே தள்ளினான் வேலு. மறுபடி மேடையில் ஏற்றினால் எண்ணூற்றுப் பதினான்கு. வைத்தி கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு மின்விசிறியைத் தானே முன்பக்கம் நகர்த்தினார். அதற்கப்புறம் டிரெய்லர் பட்கல் வரை கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது. வேலு ஒரு சினிமாப் பாட்டைச் சீட்டியடித்தான். தனக்கும் கொஞ்சம் நன்றாக இருப்பதாக வைத்திக்குத் தோன்றியது, உறுதியாகத் தெரியவில்லை.

ஏரிக்கரைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்ததும் அமைச்சரின் கார் வந்ததும் ஒரே நேரம். செங்கல் பீடத்துக்கு முன்னால் மஞ்சள் திரை காலையிலிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது. கல்லை ஆட்கள் அதற்குள் இறக்கிப் பின்னால் வைத்துவிடுவார்கள் என்று இயக்குநர் நினைத்தார். வைத்தி அவரை நெருங்கி, "சார், கல்லு..." என்று ஆரம்பித்தார். "அப்புறம், அப்புறம்" என்று கல்யாணராமன் மாலையை வாங்கிக்கொண்டு ஓடினார்.

அமைச்சர் கயிற்றை இழுத்தார். திரை விலகியது. வெறும் பீடமும், அதற்கப்பால் ஏரியும், ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் ஓர் எருமையும் தெரிந்தன. அமைச்சர் எருமையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் பார்த்தது. சோப்ரா கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அமைச்சர் மைக்கின் முன்னால் வந்து, "இந்த அரசு மக்களிடம் எதையும் மறைப்பதில்லை. இந்தத் திறப்பே அதற்குச் சான்று" என்று பேசினார். மறுநாள் பத்திரிகைக் குறிப்பில், நாற்பத்தொரு பெயர்கள் பொறித்த பளிங்குக் கல்லை அமைச்சர் திறந்துவைத்ததாக இருந்தது. கல்லையும் மற்றதையும் வேலு இன்னொரு நாள் வண்டி பிடித்து ஆபீசுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

வைத்தி இதோடு முடிந்தது என்று நினைத்தார். இரண்டு வாரம் கழித்து ஆய்வறிக்கை வந்தது. அரசாங்கச் சொத்தும் உல்லாசச் சாமானுமாகத் தொள்ளாயிரத்தைம்பது கிலோவை ஊர்தி எந்தச் சேதமும் இல்லாமல் கொண்டுசேர்த்திருக்கிறது. எனவே வெளிநாட்டார் குறித்த வரம்பு நம் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது என்று நிரூபணமாகிறது. எனவே மொத்த எடை வரம்பு ஈராயிரம் கிலோவாக உயர்த்தப்படுகிறது. வண்டியின் பக்கவாட்டிலிருந்த பழைய எடை வரம்புத் தகட்டின் மேல் புதுப் பித்தளைத் தகடு வைத்துத் திருகப்பட்டது. அடுத்த பயணம் மே மாதம், முசௌரி மலைக்கு. டிரைவர், வேலு. அது முடிந்ததும் அவனுக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு.

வைத்தி இயக்குநரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். கல்யாணராமன் கடைசிவரை கேட்டார்.

"ஒக்காருங்கோ. அமைச்சர் அன்னிக்கிக் கல்லைத் திறந்து வெச்சாரா இல்லையா?"

"அங்க கல்லே இல்லையே சார்."

"நான் அதைக் கேக்கலை. திறந்து வெச்சார்னு பத்திரிகைக் குறிப்பு சொல்றது. கல் அங்க இருந்தாத்தானே திறக்க முடியும்? இருந்ததுன்னா வண்டியிலதானே வந்திருக்கணும்? வண்டியில வந்த கல்லை நீங்க எப்படி நடுவழியில எறக்கியிருக்க முடியும்? யோசிச்சுப் பாருங்கோ."

வைத்தி யோசித்தார். எங்கும் ஓட்டை தெரியவில்லை.

"மலையில வண்டி ஆடித்துன்னா பள்ளம் சார்."

"அதுக்கு விசாரணைக் கமிட்டி போடுவோம். நம்மகிட்ட முழுசா ரெடியா இருக்கற விதி அது ஒண்ணுதான்." கல்யாணராமன் புன்னகை செய்தார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு பொருளையும் எடை போட்டுப் பார்த்தது கெடையாது. பேப்பர் என்ன சொல்றதுன்னுதான் பார்ப்பேன். அதனாலதான் இந்த நாற்காலியில இருக்கேன். நீங்க எடை போடறேள். அதனாலதான் அந்த நாற்காலியில இருக்கேள்."

"வேலு சார்..."

"யாரு?"

"டிரைவர்."

"தினக்கூலிதானே? அப்ப நம்ம பொறுப்புல வரமாட்டான்" என்று அவர் அடுத்த கோப்பைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி ருக்மிணி காபியை வைத்துவிட்டு, "என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே இல்லாம இருக்கு."

வைத்தி காபியைக் குடித்தார். சர்க்கரை போட்டிருந்ததா என்று பாதியில்தான் கவனித்தார்.

மறுநாள் காலை ஆபீசில் அவர் பயணக் கோப்பை எடுத்து, ஒரே ஒரு கேள்வியை எழுதினார். 'மேற்படி பொருளில் இரண்டு கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, ஜன்னல், திரை ஆகியவை உள்ளன. என்ஜின் இல்லை. இது வாகனமா, குடியிருப்பா என்று முடிவு செய்யப்பட்டுள்ளதா?' எழுதிவிட்டு மேலே அனுப்பினார்.

கேள்வியைப் படித்த யாருக்கும் அதைத் தாண்டிக் கையெழுத்துப் போட தைரியம் வரவில்லை. கோப்பு போக்குவரத்து இலாகாவுக்குப் போனது. அவர்கள் வீட்டுவசதிக்கு அனுப்பினார்கள். வீட்டுவசதி சட்டத்திடம் கேட்டது. சட்டம், கைகழுவும் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டது. மே போயிற்று. முசௌரிப் பயணம் தள்ளிவைக்கப்பட்டது. ஜூன், ஜூலை போயின. மழையில் டிரெய்லர் கேட்டுப் பக்கத்தில் நின்றது. ஆகஸ்டு கடைசியில் முடிவு வந்தது. குடியிருப்புதான். குடியிருப்புக்குச் சக்கரம் இருக்க விதியில் இடமில்லை என்பதால் சக்கரங்கள் கழற்றப்பட்டு, செங்கல் மேல் ஏற்றிவைக்கப்பட்டது. கதவில் எண் எழுதினார்கள். இயக்குநரகத்தில் இனி ஊர்தி இல்லை என்றாகிவிட்டதால், ஊர்தியை இழுக்கும் ஜீப்பும் தேவையில்லை என்று வேறு இலாகாவுக்குப் போனது. ஜீப் இல்லாததால் டிரைவரும் தேவையில்லை என்றாயிற்று. வேலுவை அந்த மாதத்தோடு நிறுத்தினார்கள்.

கடைசி விஷயத்தை வைத்தி எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும், இந்த மாதிரிக் கோப்புகள் எப்படி முடியும் என்று அவருக்குத் தெரியாததல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து ஜங்புராவில் இறங்கி, பாராபுல்லா சாக்கடைக் கால்வாயை ஒட்டியிருந்த மதராசி கேம்புக்கு விசாரித்துக்கொண்டு போனார். வேலு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வீராயி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

"அந்தக் கேள்விய எழுதினது நான்தான்ப்பா" என்றார் வைத்தி. "முசௌரிக்கு நீ போகக் கூடாதுன்னுதான் எழுதினேன்."

வேலு நிமிரவில்லை. செயினை ஒரு பல்லில் மாட்டிவிட்டு, "என்னைக் கேட்டிருக்கலாமே சார்" என்றான்.

வைத்தி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டேராடூன்லயும் தரம் காண்டா இருக்கு. எறக்கி வெச்சிட்டு மலையேறியிருப்பேன். திரும்பறப்ப ஏத்திக்கிட்டு வந்திருப்பேன். ரெண்டு நாள் வேலை சார். வேலை நிரந்தரம், பக்கா நௌகரி ஆயிருக்கும்." அவன் குரலில் கோபம் இல்லை. செங்கல் எண்ணுகிறவன் குரல்போல இருந்தது. "அவங்கதான் கேக்க மாட்டாங்க. நீங்களும் ஃபைல்லயே முடிச்சிட்டீங்க."

வீராயி டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். "உடுங்க. சார் நல்லதுக்குத்தான செஞ்சாரு" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, வைத்தியிடம், "சார், திரும்ப வேலைக்கு எடுத்துக்கச் சொல்லி ஒரு மனு எழுதித் தரீங்களா? நான் கொண்டாந்து குடுக்கறேன்" என்றாள்.

வைத்தி எழுதித் தந்தார். நாலு வருடச் சேவை, ஒரு விபத்துகூட இல்லாதது, குடும்ப நிலைமை எல்லாவற்றையும் போட்டு, இரண்டு பக்கம். அவருக்கு நல்ல இங்கிலீஷ். வேலு விரல் ரேகை வைத்தான்.

மனு செவ்வாய்க்கிழமை ஆபீசில் பதிவாகி, வியாழக்கிழமை வைத்தியின் மேஜைக்கு வந்தது. தன் கையால் எழுதிய மனுவை அவர் ஒரு தடவை முழுதாகப் படித்தார். மனுதாரர் கேட்கும் பணியிடம் இப்போது இல்லை. இல்லாத பணியிடத்துக்கான மனுவுக்கு அனுப்பக்கூடிய பதில் ஒன்றுதான். அது அச்சடித்த தாளாகவே கட்டுக்கட்டாக இருந்தது. பெயரை மட்டும் நிரப்பினால் போதும். வைத்தி அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்திருந்தார். வேறு ஏதாவது எழுதலாமா என்று பார்த்தார். எழுதினால் கோப்பு மேலே போகும், மேலே போனால் அதே தாள் கீழே வரும். பெயரை நிரப்பி, 'இயக்குநருக்காக' என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீராயி ஆர்.கே.புரத்தில் அவர் குவார்ட்டர்சைத் தேடிக் கண்டுபிடித்து வந்துவிட்டாள். கையில் பழுப்புக் கவர். பிரிக்கவில்லை.

"ஆபீஸ்லேர்ந்து பதில் வந்திருக்கு சார். அவருக்கும் எனக்கும் படிக்க வராது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

வைத்தி கவரைக் கிழித்துத் தாளை எடுத்தார். படிக்க ஒன்றும் இல்லை. இருந்தும் ஒரு தடவை படித்தார்.

"முடியாதுன்னு போட்டிருக்கும்மா."

"யாரு சார் போட்டிருக்காங்க?"

உள்ளே ருக்மிணி பாத்திரம் தேய்ப்பது நின்றது.

"நான்தான்" என்றார் வைத்தி.

வீராயி அவரைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தாளை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்துக் கவருக்குள் போட்டாள்.

"சரி சார்" என்றாள். "வேற யாராச்சும் போட்டிருந்தா, மறுபடி எழுதித் தரச் சொல்லி உங்ககிட்டதான் வந்திருப்பேன்."